இலைக் கணக்கும் மொய் நோட்டும்

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் வீட்டில் இரண்டு கணக்கு ஓடும். எத்தனை இலை விழுந்தது என்று சமையல்காரர் சொல்வார். எத்தனை பெயர் என்று மொய் எழுதியவர் நோட்டைப் புரட்டிச் சொல்வார். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. குடும்பமாக வந்த ஐந்து பேருக்கு நோட்டில் ஒரே பெயர், பந்தியில் ஐந்து இலை. பாயசம் பிடித்துப்போய்க் கடைசிப் பந்தியிலும் உட்கார்ந்தவருக்கு இரண்டு இலை. மொய்யை எழுதிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவருக்கு இலையே கிடையாது.

ஒரு சிறு பத்திரிகையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. அதன் ஆசிரியர் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, நேத்து எத்தனை பேர் படிச்சாங்க?" கேள்வி ஒரு வரிதான். ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. கூகுள் அனலிட்டிக்ஸை ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். மட்டோமோவை நம் சர்வரிலேயே நிறுவியும் இருக்கலாம். ஆனால் என்ன எண்ணுகிறோம் என்பதே தெரியாமல் எண்ணைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் நானே எழுதினேன். சர்வரில் கொஞ்சம் பிஎச்பி, பிரவுசரில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், எல்லாம் சேர்த்து இருநூறு வரிக்குள் அடங்கிவிட்டது. அதைச் செய்த விதம் இது.

முதல் வேலையாக எதையும் எழுதக்கூடாது; ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடப்பதைப் படிக்க வேண்டும். அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, எந்த வெப் சர்வரும் தன்னிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி லாக் எழுதிக்கொண்டே இருக்கும். அதுதான் இலைக் கணக்கு. வரியின் தொடக்கத்தில் ஐபி முகவரி, பிறகு நாளும் நேரமும், கேட்கப்பட்ட பக்கம், சர்வர் சொன்ன பதில் எண், அனுப்பிய பைட் அளவு. பக்கம் கிடைத்தால் பதில் 200, இல்லாவிட்டால் 404. கடைசி இரண்டு இடத்தில் ரெஃபரரும் யூசர் ஏஜென்ட்டும் இருக்கும். எந்தப் பக்கத்தில் சொடுக்கி இங்கே வந்தார் என்பது முன்னது, என்ன பிரவுசர் என்பது பின்னது. ரெஃபரர் என்ற ஆங்கிலச் சொல்லை எச்டிடிபி விதிகளில் எழுதும்போது ஒரு ஆர் விட்டுப்போனது. 1996-இல் வெளியான ஆவணத்தில் அந்தப் பிழை அப்படியே அச்சேறியது, இன்றுவரை உலகத்தின் எல்லா பிரவுசர்களும் அதே பிழையோடுதான் அனுப்புகின்றன. மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லாத பத்திரிகை நம்முடையது மட்டுமல்ல.

லாக்கில் எத்தனை வரி என்று எண்ணிச் சொன்னபோது ஆசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்ததை வாட வைக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. ஒரு கட்டுரையைத் திறந்தால் அதன் படங்கள், எழுத்துரு, ஸ்டைல் கோப்பு, முகப்பு ஐகான் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி விழும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அப்பளத்துக்கும் தனித்தனி இலை எண்ணியதுபோல. ஆகவே படம், எழுத்துரு, ஸ்டைல் வரிகளைக் கழித்து, பதில் எண் 200 ஆன கட்டுரைப் பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்து ரோபாட்டுகள். தேடுபொறிகள், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் வலைநடைக் கருவிகள், எங்கே ஓட்டை இருக்கிறதென்று தட்டிப் பார்க்கிற திருட்டு நிரல்கள் என்று வரிசை நீளும். யோக்கியமானவை யூசர் ஏஜென்ட்டில் பெயரைச் சொல்லிவிடும். மற்றவை சொல்லாது, சில பொய் சொல்லும். கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வருபவரை நம்பிவிடாமல் அந்த ஐபியின் டொமைன் பெயரைக் கேட்க வேண்டும். அது கூகுளுடைய பெயராக இருந்து, அந்தப் பெயரைத் திரும்பத் தேடினால் அதே ஐபி கிடைத்தால் சரி, இல்லையேல் வேஷம். வாட்ஸாப்பும் இந்தப் பட்டியலில் உண்டு. யாராவது நம் கட்டுரையின் சுட்டியை ஒரு குழுவில் ஒட்டும்போது முன்னோட்டப் படமும் தலைப்பும் காட்டுவதற்காக அது பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கும். வாசலோடு நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போகிற விருந்தாளி.

தமிழ்த் தளம் நடத்துபவருக்கு மட்டும் வாய்க்கும் தலைவலி ஒன்றும் லாக்கில் காத்திருந்தது. நம் பக்க முகவரிகளில் கட்டுரையின் எண்ணும், அதையடுத்துத் தமிழில் தலைப்பும் இருக்கும். பிரவுசர் அதை அப்படியே அனுப்பாது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. லாக்கில் அது 45 எழுத்து. திரை முழுக்கச் சதவீதக் குறிகள் மணல் கொட்டினாற்போல் கிடக்கும். அதைத் தமிழுக்குத் திருப்பிய பிறகுதான் அசல் சிக்கல் தெரிந்தது. 'பொங்கல்' என்று தொடங்கும் கட்டுரை பட்டியலில் இரண்டு முறை வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒன்றில் 'பொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடாக இருந்தது, மற்றொன்றில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. யாரோ ஒருவர் தம் விசைப்பலகையில் அப்படித் தட்டிப் பகிர்ந்திருக்கிறார். எண் சரியாக இருந்ததால் பக்கம் திறந்துவிட்டது, கணக்கு மட்டும் இரண்டாகப் பிளந்தது. யூனிகோடில் இவை இரண்டும் சமம் என்று விதியே இருக்கிறது. எண்ணுவதற்கு முன் முகவரியை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும். பிஎச்பியில் அதற்கு நார்மலைசர் என்றே ஒரு வகுப்பு உண்டு. ஒரே வரி வேலை. அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு இரண்டு நாள் போனது.

லாக்கைப் படித்து முடித்ததும் சர்வர் பக்கத்து நிரலுக்கு வந்தேன். கட்டுரைப் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி கோப்பின் தலைமாட்டில் பத்துப் பன்னிரண்டு வரி. வந்தவரின் ஐபி, யூசர் ஏஜென்ட், ரெஃபரர், கேட்ட பக்கம், நேரம் ஆகியவற்றை எடுத்து மைஎஸ்க்யூஎல் அட்டவணையில் ஒரு வரியாகப் போடும். மறுநாள் அட்டவணையைத் திறந்து பார்த்தால் வந்த அத்தனை பேரின் முகவரியும் 127.0.0.1. அதாவது எல்லோரும் சர்வருக்கு உள்ளேயிருந்தே வந்திருக்கிறார்கள்! வாசலில் என்ஜின்எக்ஸை நிறுத்தி உள்ளே அப்பாச்சியை வைத்திருந்தேன். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது வாசல்காரர் முகம் மட்டும். உண்மையான முகவரியை எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் என்ற தலைப்பில் எழுதி அனுப்பும்படி வாசல்காரருக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம். நம் வாசல்காரர் கையிலிருந்து வரும்போது மட்டுமே அதை நம்ப வேண்டும்.

சரியான ஐபி கிடைத்தாலும் அது ஆள் இல்லை. மொபைல் நிறுவனங்கள் பழைய ஐபிவி4 முகவரிகளின் பஞ்சத்தால் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்களை நிறுத்தியிருக்கின்றன. ஒரு கல்லூரி விடுதி முழுக்க ஒரே முகவரியில் வரும். மறுபுறம், ஒரே ஆள் வீட்டு வைஃபையில் ஒரு முகவரி, பஸ்ஸில் ஒரு முகவரி, அலுவலகத்தில் இன்னொன்று.

இதற்குத்தான் குக்கி. நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி 1994-இல் இதை உருவாக்கினார். அது முதன்முதலில் வெளியே பயன்பட்டதும் நம்முடைய இதே கேள்விக்குத்தான்: நெட்ஸ்கேப் தளத்துக்கு வருகிறவர் ஏற்கெனவே வந்தவரா, புதியவரா? நாம் செய்ய வேண்டியதும் அதேதான். யூகிக்க முடியாத ஒரு தற்போக்கு எண்ணை உண்டாக்கிப் பிரவுசரிடம் கொடுத்துவைத்தால் அடுத்த முறை வரும்போது அதைக் காட்டும். பெயரோ தொலைபேசி எண்ணோ அதில் எதற்கு? டோக்கன் போதும். அதை ஜாவாஸ்கிரிப்டால் எழுதாமல் சர்வரே எழுதட்டும். காரணம் இருக்கிறது. ஆப்பிளின் சஃபாரி, ஜாவாஸ்கிரிப்ட் எழுதிய குக்கியை 2019 முதல் ஏழு நாளில் அழித்துவிடுகிறது. வாரம் ஒருமுறை வரும் ஐபோன் வாசகர் ஒவ்வொரு முறையும் புது வாசகராகிவிடுவார். பத்திரிகை வளர்வதாக நாமும் ஏமாந்துகொண்டிருப்போம். சர்வர் எழுதும் குக்கிக்கு எச்டிடிபி ஒன்லி, செக்யூர், சேம்சைட் என்ற மூன்று பூட்டையும் போட்டுவிடுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது ஒரு நாள் கணக்கு திடீரெனச் சரிந்தது. முந்தைய நாள் தளம் மெதுவாக இருக்கிறதென்று பக்கங்களை கேஷில் போட்டிருந்தேன். கேஷில் இருக்கும் பக்கத்தை என்ஜின்எக்ஸே எடுத்துக் கொடுத்துவிடும். பிஎச்பி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. லாக்கில் வரி விழுந்தது, என் அட்டவணையில் விழவில்லை. தளம் வேகமாக வேண்டும், கணக்கும் வேண்டும் என்றால் எண்ணுகிற வேலையைப் பிரவுசருக்குத் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

மொய் நோட்டு இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தின் அடியில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. பக்கம் திறந்ததும் இந்தப் பார்வைக்கென்று ஒரு டோக்கனைப் பிரவுசரே உண்டாக்கிக்கொள்ளும். டோக்கனைச் சர்வர் உண்டாக்கிப் பக்கத்தில் பதித்தால் கேஷ் அதையே எல்லோருக்கும் பரிமாறிவிடும். ஒரே டோக்கனோடு ஊரே வரும். பிறகு அந்த டோக்கன், பக்க எண், திரையின் அகலம், ரெஃபரர் ஆகியவற்றை நம் சர்வரிலுள்ள ஒரு சின்ன பிஎச்பி கோப்புக்கு அனுப்பும். அந்தக் கோப்பு கேஷில் போகாது என்பதால் குக்கியை எழுதும் பொறுப்பையும் அதனிடமே விட்டேன். பதிலாக அது எதையும் அனுப்ப வேண்டியதில்லை. 204 என்று சொன்னால் போதும். 'வாங்கிக்கொண்டேன், திருப்பித் தர ஒன்றுமில்லை' என்று பொருள்.

சர்வருக்குத் தெரியாத, பிரவுசருக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு: பக்கத்தை அவர் படித்தாரா? இலை போட்டதைச் சர்வர் சொல்லும், சாப்பிட்டாரா என்பதைச் சொல்லாது. இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். முதலில் எழுதியது எளிமையானது. பக்கம் திறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மூடும்போது கழித்து அனுப்புவது. போனில் அது தோற்றது. போனில் யாரும் பக்கத்தை மூடுவதில்லை. பாதியில் அழைப்பு வரும், வாட்ஸாப்புக்குத் தாவுவார், பிறகு அந்த ஆப்பையே மேலே தள்ளிவிடுவார். மூடுகிற நிகழ்வு சர்வருக்குச் செய்தி சொல்லாமலேயே செத்துப்போகும்.

சரியான இடம் விசிபிலிட்டி சேஞ்ச் என்ற நிகழ்வு. பக்கம் கண்ணிலிருந்து மறைகிற கணத்தில் அது எழும். வேறு டேபுக்குப் போனாலும், திரையை அணைத்தாலும், ஆப்பை மாற்றினாலும். மறையும்போது கடிகாரத்தை நிறுத்தி, அதுவரை சேர்ந்த விநாடிகளைச் சென்ட் பீக்கன் என்ற கட்டளையால் அனுப்ப வேண்டும். வாசகர் போய்விட்டாலும் பிரவுசர் பின்னணியில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பக்கம் மறுபடி தெரிந்தால் கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆகவே ஒரே பார்வைக்கு நாலைந்து முறை செய்தி வரலாம். அதே டோக்கன் மறுபடி வந்தால் அட்டவணையில் புது வரி சேர்க்காமல் பழைய வரியைத் திருத்தும்படி எழுதினேன். ஒரு நிமிடம் வரை உருட்டலோ தொடுகையோ இல்லையென்றாலும் கடிகாரம் நிற்கும். இல்லாவிட்டால் கட்டுரையைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர் பேரார்வத்தோடு நாற்பது நிமிடம் படித்ததாக ஆகிவிடும்.

பீக்கனில் ஒரு குழி இருக்கிறது, விழுந்தவன் சொல்கிறேன். வெறும் எழுத்துச் சரமாக அனுப்பினால் பிஎச்பியின் போஸ்ட் அணி காலியாகவே இருக்கும். செய்தி வரவில்லை என்று நாள் முழுக்கத் தேடினேன். வந்திருந்தது, வேறு கதவில் நின்றுகொண்டிருந்தது. இன்புட் ஓடையிலிருந்து நேராகப் படித்தால் கிடைக்கும்.

செய்தி வாங்கும் அந்தப் பிஎச்பி கோப்பு உலகத்துக்கே திறந்த கதவு. யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம். பக்க எண் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்து, நீளத்துக்கு வரம்பு வைத்து, தகவல்தளத்தில் போடும்போது தயார்செய்த வினவலாக மட்டுமே போட வேண்டும். இதைவிட முக்கியம், அறிக்கைத் திரையில் காட்டும்போது ரெஃபரரையும் யூசர் ஏஜென்ட்டையும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக வடிகட்டிக் காட்டுவது. யூசர் ஏஜென்ட் இடத்தில் ஒரு ஸ்கிரிப்ட் துண்டை எழுதி அனுப்பிவைப்பவர்கள் இருக்கிறார்கள். வடிகட்டாவிட்டால் நாம் அறிக்கையைத் திறக்கிற நேரத்தில் அது நம் பிரவுசரில் ஓடும். மொய் நோட்டில் பெயருக்குப் பதில் பட்டாசை ஒட்டிவிட்டுப் போவதுபோல.

விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களிடம் இந்த ஸ்கிரிப்ட் ஓடாமல் போகலாம். கோப்பின் பெயரை மாற்றி மாற்றித் தடுப்பானை ஏமாற்றச் சொல்லித்தருகிறார்கள். நான் அதைச் செய்யவில்லை. மொய் எழுத மாட்டேன் என்பவரும் விருந்தாளிதான், இலையில் எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டு நோட்டையும் பக்கம் வாரியாக, நாள் வாரியாக எதிரெதிரே வைத்தபோது வேலை சுவாரசியமாகிவிட்டது. சாதாரணமாக இலை சற்றுக் கூடுதலாகவும் மொய் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்வரை கவலையில்லை. ஒரு பழைய கட்டுரைக்கு இலை மட்டும் எகிறி மொய் அசையாமல் கிடந்தால், ரோபாட் ஒன்று பெயர் சொல்லாமல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. தலைகீழாகவும் நடக்கும். இலையே விழாமல் மொய் மட்டும் வரும். வாசகரின் பிரவுசர் தன் நினைவில் வைத்திருந்த பக்கத்தை நம்மைக் கேட்காமலே எடுத்துக் காட்டினால் அப்படி ஆகும். பின்செல் பொத்தானை அழுத்தித் திரும்பி வருபவர்களால் இது அடிக்கடி நேரும். ரெஃபரர் காலியாக வருபவர்கள் நிறைய. வாட்ஸாப் போன்ற ஆப்பிலிருந்து வந்தால் பெரும்பாலும் எங்கிருந்து என்று சொல்லாது. நாமே குழுவில் பகிரும் சுட்டியின் வாலில் யுடிஎம் குறியைச் சேர்த்துவிட்டால் தெரிந்துவிடும். யுடிஎம்மில் உள்ள யு, அர்ச்சின் என்ற நிறுவனத்தின் யு. 2005-இல் கூகுள் அதை வாங்கித்தான் அனலிட்டிக்ஸ் ஆக்கியது. கடை கைமாறியும் பழைய பெயர்ப்பலகை சுட்டிகளின் வாலில் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

சட்டம். ஐபி முகவரியும் குக்கி எண்ணும் ஆளைக் கண்டுபிடிக்க உதவக்கூடியவை என்பதால் அவற்றை இஷ்டம்போல் சேர்த்துவைக்க முடியாது. லண்டனிலும் பாரீஸிலும் நமக்கு வாசகர்கள் உண்டு. அங்கே கணக்குக்கான குக்கிக்கும் சட்டப்படி விதிகள் உண்டு. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தரச் சொல்கிறது. அதனால் நம் ஒப்புதல் பெட்டி நல்ல தமிழில், மூன்றே வரியில் இருக்கிறது. 'சரி', 'வேண்டாம்' இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம். 'வேண்டாம்' என்றால் குக்கி இல்லை. பக்கத்தின் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். அட்டவணையில் ஐபியின் கடைசிப் பகுதியைப் பூஜ்யமாக்கித்தான் போடுகிறேன். அதே சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதைத் தடுக்கிறது. எனவே சிறுவர் பகுதியில் அந்த ஸ்கிரிப்டை ஏற்றவே இல்லை. அங்கே இலைக் கணக்கு மட்டும்.

கடைசியாக, 'நேற்று' என்றால் எது? சர்வரின் கடிகாரம் யுடிசி நேரத்தில் ஓடியது. அதன்படி நாள் பிறப்பது நம் ஊரில் காலை ஐந்தரைக்கு. நள்ளிரவுக்குப் பின் படித்தவர்கள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழுந்தார்கள். நேரத்தை யுடிசியிலேயே சேமித்து, அறிக்கை எடுக்கும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றினேன். நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் ஒரு கிரான் வேலை எழுந்து நாள் கணக்கைக் கூட்டி எழுதும். முப்பது நாளைத் தாண்டிய தனி வரிகளை அழித்துவிடும். கூட்டுத்தொகை மட்டும் தங்கும்.

இப்போது ஆசிரியருக்குக் காலையில் மூன்று எண் போகிறது: இலை எத்தனை, மொய் எத்தனை, ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்து படித்தவர் எத்தனை. மூன்றாவதைத்தான் அவர் முதலில் பார்க்கிறார்.

ஒரு விஷயம் பாக்கி. எல்லாம் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் எந்தக் குக்கி எண் அதிகமுறை வருகிறது என்று பார்த்தேன். ஒருவர் தினமும் காலை பத்தரைக்கு மேல் வருகிறார். தலையங்கத்தைத் திறக்கிறார், கடைசிவரை உருட்டுகிறார், போகிறார், பத்து நிமிடத்தில் மறுபடி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. திரை அகலத்தைப் பார்த்ததும் எந்த மேஜைக் கணினி என்று புரிந்துவிட்டது. அலுவலகக் கணினிகளில் எல்லாம் 'எண்ண வேண்டாம்' என்றொரு குக்கியைப் போட்டுவைத்தேன்.

மறுநாள் காலை அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆசிரியர் கூப்பிட்டார். "என்ன தம்பி, தலையங்கத்துக்கு மட்டும் திடீர்னு குறைஞ்சிருக்கு?"

"கேஷ் சார். பார்க்கிறேன்" என்றேன்.